கூலி ஆளாகிப் போன கதை

கொழும்பில் ஒரு வீட்டு மதிலில் 'குலியட்ட' என்று சிங்களத்தில் பலகை தொங்கினால், அந்த வீடு வாடகைக்கு இருக்கிறது என்று பொருள். ஜகார்த்தாவில் ஒரு பத்திரிகையாளர் தன்னை 'குலி திந்தா' என்று சொல்லிக்கொண்டால், 'மைக்கூலி' என்று தன் பிழைப்பைத் தானே கேலி செய்கிறார். ஜமைக்காவில் இலந்தைப்பழத்தின் பெயர் 'கூலி பிளம்'. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ, இந்திய வம்சாவளியினர் ஒருவரைப் பார்த்து இதே சொல்லைச் சொன்னால் கட்டாயம் சண்டை வரும், வழக்கும் வரலாம்.

நான்கு ஊர்களிலும் சொல் ஒன்றுதான். நம்மூர் நகைக்கடை பில்லில் 'செய்கூலி, சேதாரம்' என்று போடுகிறார்களே, அந்தக் கூலி.

உலகுக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று பட்டியல் போடும்போது கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று பெருமையாக அடுக்குவோம். கூலியை அந்த வரிசையில் சேர்க்க நாக்கு கொஞ்சம் தயங்கும். ஆனால் உலகம் சுற்றியதில் கட்டுமரத்தைவிடக் கூலிக்கே தூரம் அதிகம். அது ஏறிய கப்பல்களில் ஆட்களும் இருந்தார்கள் என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம்.

முதலில் சொந்த ஊரில் அது என்னவாக இருந்தது என்று பார்த்துவிடலாம். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கைமேல் கிடைக்கும் பலன். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறள் அந்தப் பொருளில்தான் இதைக் கையாளுகிறது. தெய்வத்தால் ஆகாததாக இருந்தாலும், முயன்று உடம்பை வருத்தியவனுக்கு அதற்கான கூலி உண்டு என்கிறார் வள்ளுவர். குர்ஆனைத் தமிழாக்கியவர்கள் இறைவன் தரும் வெகுமதிக்கு 'நற்கூலி' என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். தமிழ் பைபிளிலும் வேலையாளுக்கு நியாயமாகச் சேரவேண்டியது கூலிதான். மூன்று சமய மரபினர் மதிக்கும் நூல்களில் தலைநிமிர்ந்து நிற்கும் சொல் இது.

சந்தையிலும் அப்படியே. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தையற்கூலி, அரவைக்கூலி, வண்டிக்கூலி என்று எந்த வேலையோடும் ஒட்டிக்கொள்ளும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியில் புலம்பல் முழுக்கக் காசைப் பற்றியது. சுமந்தவனை அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு அழுபவரைக்கூட 'கூலிக்கு மாரடிக்கிறார்' என்கிறோமே தவிர, 'கூலி மாரடிக்கிறது' என்பதில்லை.

கேரளத்தில் இதற்கு ஒரு விநோதமான வாரிசு உண்டு: 'நோக்குகூலி'. லாரியில் வந்த சாமானை வீட்டுக்காரரோ இயந்திரமோ இறக்க, பக்கத்தில் நின்று பார்த்ததற்காக உள்ளூர் சுமைதொழிலாளர்கள் கேட்டு வாங்கும் பணம். நோக்குதல் என்றால் பார்த்தல். பார்த்ததற்கும் கூலி! மாநில அரசு 2018 மே 1ஆம் தேதி முதல், அதாவது தொழிலாளர் தினத்தன்றே, இதைத் தடை செய்தது. வழக்கம் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. சொல்லின் பொருள் மட்டும் தெளிவு: கூலி என்றால் காசு.

இந்தச் சொல்லின் வேர் எது? கூலம் என்றால் தானியம். சீத்தலைச் சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்பது அதனால்தான். வேலைக்குத் தானியமாக அளந்து கொடுத்ததால் கூலி வந்தது என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வதுண்டு. வேர் அதுதானா என்று மொழியியலாளர்கள் வாதிடட்டும். நடைமுறை அப்படித்தான் இருந்தது. கீழத்தஞ்சையில் 1960களிலும் அறுவடைக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. கூடுதலாக அரைப்படி நெல் கேட்டு எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. வாங்கும் கைக்கும் அதே மதிப்பு இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஆங்கிலத்துக்குப் போன 'கூலி' தமிழ்க் கூலிதானா என்பதிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. எதிர்வாதி குஜராத், கொங்கணக் கடற்கரையில் வாழும் கோலி மக்கள். மீன்பிடித்தும் சுமை தூக்கியும் வாழ்ந்த அவர்களை 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் எழுத்தில் குறித்திருக்கிறார்கள். இந்திய-ஆங்கிலச் சொற்களுக்கென்றே ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இந்தச் சமூகப் பெயரே மூலம் என்ற பக்கம் சாய்கிறது. தமிழ்க் கூலி பிறகு வந்து கலந்திருக்கலாம் என்கிறது. இதில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். காவிரிக்கரையில் உட்கார்ந்து தீர்ப்பை குஜராத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சலித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஓடைகளும் ஒரே ஆற்றில் விழுந்தன என்று கொள்வதே பொருத்தம். மேற்குக் கரையில் கோலி, கிழக்குக் கரையில் கூலி. இரண்டு கரையிலும் வியாபாரம் செய்த ஐரோப்பியனின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்திருக்கும்.

மூன்றாவது உரிமையாளர் ஒருவரும் உண்டு. துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை, ஊழியன். 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரில் இருக்கும் 'குலி' அதுதான். உருதுவில் ரயில் நிலையச் சுமைதூக்கியை எழுதும் எழுத்துக்கூட்டலும் சுல்தானின் பெயரில் வரும் 'குலி'யின் எழுத்துக்கூட்டலும் ஒன்றே. அதனால் உருது அகராதிகள் சில இதைத் துருக்கிக் கணக்கில் எழுதிவிட்டன. சுல்தானுக்கும் சுமைதூக்கிக்கும் ஒரே எழுத்து அமைந்ததை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழ்க் கூலிக்கும் அதற்கும் உறவில்லை.

காசு எப்படி ஆளானது? ஊகிப்பது கடினமில்லை. கூலியாள், கூலிக்காரன் என்று தமிழர் சொன்னதில் ஐரோப்பியர் வாலை நறுக்கிவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தமிழிலேயே இப்படி நடப்பதுண்டு: 'வாசலில் காவல் நிற்கிறது' என்றால் செயலைச் சொல்லி ஆளைக் குறிக்கிறோம். ஆனால் காவல் என்ற சொல் வேலை முடிந்ததும் ஆளை விட்டுவிடும். ஐரோப்பியர் வாயில் போன கூலி விடவில்லை.

அது ஒட்டிக்கொண்ட காலம் துல்லியமாகத் தெரியும். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியர்களை மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம்; நடுவில் வேலையை விட்டால் சிறை. 1836இல் ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தா கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் எழுதி, கரீபியக் கடற்கரையில் பிரிட்டிஷ் கயானாவில் இருந்த தன் தோட்டங்களுக்கும் அப்படி ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா இவர். 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அதன்பின் டிரினிடாட், நாட்டால், சூரினாம், பிஜி என்று வரிசை நீண்டது.

மொரீஷியஸ் வழியாக மட்டும் 1920 வரை ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் போனார்கள். அவர்கள் ஏறி வந்த கற்படிகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் துறைக்கு அப்போது 'கூலி காட்' என்று பெயர். பிறகு ஆப்ரவாசி காட் ஆனது, 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பெயரை மாற்றியது சும்மா இல்லை. வந்தவர் உழவரா, நெசவாளரா, சிப்பாயா, விதவையா என்று எந்தப் பதிவும் பேச்சில் ஒட்டவில்லை. படியேறியவர் எல்லாருக்கும் ஒரே பெயர்.

தமிழரை அதிகமாகத் தொட்ட கதைகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுடையது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. புறப்பட்ட ஊர் சென்னை. 1911 வரை நாட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். 1893இல் காந்தி அங்கே இறங்கியபோது, தோட்டத்தில் வேலை செய்யாத இந்தியரும் அங்கே கூலிதான். வணிகர் 'கூலி வணிகர்'. காந்தி 'கூலி பாரிஸ்டர்'. இந்தச் சொல்லில் இருந்து தப்பிக்க முஸ்லிம் வணிகர்கள் தங்களை அரபியர் என்றும், பார்சிகள் பாரசீகர் என்றும் சொல்லிக்கொண்டதை 'சத்திய சோதனை'யில் காந்தி எழுதியிருக்கிறார்.

அதே புத்தகத்தில் இன்னொரு தமிழ்ச் சொல்லும் வருகிறது. முனுசாமி, ராமசாமி என்று தொழிலாளர் பெயர்கள் 'சாமி'யில் முடிந்ததால் வெள்ளைக்காரர்கள் இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில் கோச்சு வண்டியின் பொறுப்பாளன் காந்தியை எழுந்து கீழே உட்காரச் சொல்லும்போதும் 'சாமி' என்றே விளிக்கிறான். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உனக்கு எஜமான் இல்லையே என்று சில இந்தியர் திருப்பிக் கேட்டதும், அதைக் கேட்டு வெள்ளைக்காரருக்குச் சுருக்கென்று தைத்ததும் காந்தியின் குறிப்பிலேயே உண்டு. கூலிக்கு அப்படித் திருப்பிக் கொடுக்க நல்ல பதில் யாரிடமும் இல்லை. ஆப்பிரிகான்ஸ் மொழியில் இன்றுவரை 'கூலி' வசைதான்.

கரீபியப் பகுதியில் சொல் பலவிதமாகக் கிளைத்தது. கயானாவிலும் டிரினிடாடிலும் இந்தியரை மட்டம்தட்டும் சொல். ஜமைக்காவில் வசையாகவும் வரும், இந்தியச் சாயல் உள்ளவரின் நீண்ட நேரான முடிக்கு அடைமொழியாகவும் வரும். இலந்தைக்கு அந்தப் பெயர் ஏற்பட்டதும் இந்தியரோடு சேர்த்துப் பார்த்ததால்தான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர் அதிகம். அவர்கள் ஆடு வெட்டி மாரியம்மனையும் மதுரைவீரனையும் கும்பிட்டார்கள். மார்ட்டினிக்கின் கிரியோல் மொழியில் அந்த வழிபாட்டுக்கு 'போந்த்யே கூலி' என்று பெயர் விழுந்தது. கூலிச் சாமி! ஆளுக்கு ஒட்டிய பெயர் அவன் கும்பிட்ட தெய்வத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட விசித்திரமான திருப்பம் சீனத்தில்தான். அயல்சொல் ஒன்றை எழுத வேண்டுமென்றால், ஒலிக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடிப் பொருளும் ஒத்துவந்தால் பிடித்துக்கொள்வது சீனர் பழக்கம். அதனால் சீனத்தில் 'கூ-லி' இரண்டு எழுத்து. 'கூ' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் பலம். துன்ப உழைப்பு. வேறு நாட்டில் பிறந்த சொல்லுக்கு இதைவிடக் கச்சிதமான எழுத்து கிடைப்பது அபூர்வம். இதைப் பார்த்து, சொல்லே சீனத்தில் பிறந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

சீனருக்கு அந்த எழுத்து தேவைப்பட்ட காரணம் கொடியது. 1847 முதல் 1874 வரை கியூபாவுக்கு மட்டும் ஒண்ணேகால் லட்சம் சீனர் எட்டாண்டு ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டக் கொண்டுபோகப்பட்டார்கள்; பெருவுக்குப் போனவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். தென்சீனக் கரையில் இந்த வியாபாரத்தை மக்கள் 'பன்றிக்குட்டி விற்பது' என்றார்கள். 1872இல் 'மரியா லூஸ்' என்ற பெருநாட்டுக் கப்பல் புயலில் அடிபட்டு ஜப்பானின் யோகோஹாமாவில் ஒதுங்கியது. அதிலிருந்து ஒரு சீனர் கடலில் குதித்து நீந்திப்போய்ப் பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் கப்பலில் தஞ்சம் கேட்டார். விஷயம் வெளியே வர, ஜப்பானிய நீதிமன்றம் விசாரித்துக் கப்பலில் இருந்த 200க்கும் மேற்பட்ட சீனரை விடுவித்தது. இரண்டே ஆண்டில், 1874இல், மக்காவ் துறைமுகம் வழியாக நடந்த ஏற்றுமதியும் நின்றது.

அமெரிக்காவில் சொல் சட்டப் புத்தகத்துக்கே ஏறியது. 1862 பிப்ரவரியில், அமெரிக்கக் கப்பல்கள் 'கூலி வணிகம்' செய்யக்கூடாது என்ற சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஆண்டு கலிபோர்னியா கொண்டுவந்த கூலி எதிர்ப்புச் சட்டமோ, வெள்ளைத் தொழிலாளரைக் காக்கிறோம் என்று சீனர் மீது மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. ஒன்று வணிகத்தை எதிர்த்தது, மற்றொன்று விற்கப்பட்டவனை எதிர்த்தது. இரண்டுக்கும் தலைப்பில் நம் கூலி. கலிபோர்னியா வரியை அம்மாநில உச்ச நீதிமன்றம் மறு ஆண்டே தள்ளுபடி செய்தது. ஆனால் 1882இல் சீனத் தொழிலாளர் வருகையையே தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கூம்பு வடிவ ஓலைத்தொப்பி ஆங்கிலத்தில் 'கூலி தொப்பி'. அந்த வடிவத்தில் இருப்பதால், பிரிட்டனில் வீட்டலங்காரக் கடைகள் விற்கும் ஒருவகை விளக்குக் கவிகையும் 'கூலி'. வரவேற்பறையில் அதை மாட்டுகிறவர்களுக்குச் சொல் எங்கிருந்து வந்தது என்று தோன்றியிருக்காது.

டச்சுக்காரர் பங்குக்கு சுமத்ரா. டெலி பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்காக 1880இல் அவர்கள் போட்ட 'கூலி ஆணை', ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1902இல் மேடான் நகர வழக்கறிஞர் வான் டென் பிராண்ட், டெலியின் கோடிக்கணக்கான லாபம் எப்படி வருகிறது என்று ஒரு சிறுநூல் எழுதி நெதர்லாந்தையே அதிரவைத்தார். சீனர், ஜாவானியரோடு தமிழரும் அங்கே உழைத்தார்கள். மேடானில் 'கம்போங் மெட்ராஸ்' என்ற பகுதி இன்றும் இருக்கிறது. சுதந்திர இந்தோனேசியாவில் சொல்லின் விஷம் பாதி இறங்கிவிட்டது. கட்டட வேலையாள் 'குலி பங்குனான்'. மரியாதையான சொல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இனத்தைக் குறிக்காது. பத்திரிகையாளர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்ள முடிவது அதனால்தான்.

வியட்நாமிலும் 'கு லி' உண்டு. பிரெஞ்சுக்காரரின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொடுத்த பாஸான் என்பவர் 1929 பிப்ரவரியில் ஹனோய் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைச் சாக்கிட்டு ஆட்சியாளர் தேசியவாதிகளை வேட்டையாடியதும் அந்நாட்டு விடுதலை வரலாற்றின் முக்கியமான பக்கம். அதே எழுத்துக்கூட்டலில் 'கு லி' என்று அவர்கள் அழைக்கும் ஒரு விலங்கும் இருக்கிறது, நம்மூர் தேவாங்கின் உறவு. 2024 பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருது பெற்ற வியட்நாமியப் படத்தின் தலைப்பு, 'கு லி ஒருபோதும் அழுவதில்லை'. அதில் வருவது அந்தக் குட்டி விலங்குதான்.

இனிப் பாக்கு நீரிணைக்குத் திரும்பலாம், ஏனெனில் இங்கேதான் சொல் இரண்டாகப் பிளந்தது. சிங்களம் தமிழ்ப் பொருளை அப்படியே காப்பாற்றியது. வீட்டு வாடகை 'கெவல் குலிய'. வாடகைக் கார் 'குலி ரத'. கொடுப்பதும் வாங்குவதும் காசு. ஆனால் இலங்கையில் மலையேறித் தேயிலை நட்ட தமிழரைக் குறிக்கத் துரைமார் வைத்திருந்தது ஆங்கிலக் கூலி. ராமநாதபுரத்துக் கரையில் இன்று இலங்கை அகதிகள் தங்கும் மண்டபம் முகாம், அந்நாளில் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். அங்கிருந்து போகிறவர் கழுத்தில் ஒரு தகர வில்லை, அதில் தோட்டத்தின் எண். ஒரு தோட்டம் விட்டு இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும்: இவர் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்ற சீட்டு. கடனோடு ஆளும் கைமாறுவான். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. துரைமார் வேலை வாங்குவதற்கு வேண்டிய தமிழைக் கற்றுத்தர ஒரு பாடநூல் கொழும்பில் அச்சானது. அதன் பெயரே 'கூலித் தமிழ்'. வள்ளுவர் எழுதிய மொழிக்கு அவர் கையாண்ட ஒரு சொல்லையே அடைமொழியாக ஒட்டி இறக்கிவிட்டார்கள்.

மலையகத்து மக்களோ தங்கள் நாள் சம்பளத்துக்கு வேறொரு சொல்லைப் புழங்கினார்கள்: பேர். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் பதிவேட்டில் பதிந்தால் அன்றைக்கு ஒரு பேர். கொழுந்து நிறைகுறைந்தாலோ, மழையில் பாதியில் வேலை நின்றாலோ 'அரைப்பேர்'. 'இன்னைக்கு அரைப்பேருதான் போட்டான் கணக்கப்பிள்ளை' என்று லயக் குடியிருப்புக்குத் திரும்பும் பெண் சொல்வாள். துரை கூலி என்று கூப்பிட்ட அவள் வழக்கில் கூலியின் பெயர் பேர்! துரைமாரின் கணக்குப் புத்தகங்களும் பிறகு இதை ஆங்கிலமாக்கி 'ஹாஃப் நேம்' என்ற கணக்கில் எழுதின.

இழிசொல்லைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் முயற்சியும் நடந்தது. கயானா எழுத்தாளர் ராஜ்குமாரி சிங் 1973இல் 'நான் ஒரு கூலி' என்ற கட்டுரையில், பாட்டன் பாட்டியின் உழைப்பை நினைவூட்டும் இந்தச் சொல்லுக்கு வெட்கப்படக் கூடாது என்று வாதிட்டார். மொரீஷியஸ் கவிஞர் கால் டோரபுள்ளி 1992இல் 'கூலித்துவம்' என்ற கருத்தை முன்வைத்தார். கறுப்பின எழுத்தாளர்கள் தங்கள் நிறத்தின் பெயரால் ஓர் இயக்கம் கண்டதைப் போல, ஒப்பந்தக் கூலிகளின் கடற்பயணத்திலிருந்து ஓர் அடையாளம். 2013இல் கயானா வம்சாவளிப் பத்திரிகையாளர் கைத்ரா பகதூர், தனியாகக் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியின் தடத்தைத் தேடி எழுதிய நூலுக்கு 'கூலிப் பெண்' என்றே பெயர் வைத்தார். ஆனாலும் தெருவில் அந்தச் சொல் இன்னும் குத்தத்தான் செய்கிறது. புத்தக அட்டைக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயம்.

இந்தியாவுக்குள் கதை வேறு. இந்தியில் 'குலி' என்றால் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக நிற்கும் ரயில் நிலையச் சுமைதூக்கி. முல்க் ராஜ் ஆனந்தின் 1936 நாவலில் வரும் கூலி பரிதாபத்துக்குரிய சிறுவன். 1983 படத்தில் அமிதாப் பச்சன் நடித்த கூலி கதாநாயகன். தமிழில் சரத்குமாருக்கு 1995இல் ஒரு 'கூலி', ரஜினிகாந்துக்கு 2025இல் ஒரு 'கூலி'. இந்தத் தலைப்புகளில் தமிழ்ப் பொருள் இல்லை. தமிழிலிருந்து போய், ஆங்கிலத்தில் ஆளாகி, இந்தியில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்த சொல்தான் நம் சுவரொட்டியில் இருக்கிறது. யாரும் அந்நியமாக உணரவில்லை என்பது நமக்கே ஆச்சரியம்.

2016 ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு, இனி இவர்களைக் கூலி என்று சொல்ல வேண்டாம், 'சகாயக்' என்று அழைக்கலாம் என்று அறிவித்தார். நல்லெண்ணம்தான். ரயில்வே ஏட்டில் இவர்கள் அதற்கு முன்பே உரிமம் பெற்ற சுமைதூக்குவோர். நம்மூர் பேச்சில் போர்ட்டர். எந்தப் பெயரில் அழைத்தாலும் ரயில்வே இவர்களுக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று நிலையத்துக்கு நிலையம் நிர்வாகம் நிர்ணயித்து எழுதிவைத்த கட்டணத்தைப் பயணி கொடுத்தால்தான் வருமானம். ஆளுக்கு எந்தப் பெயர் வைப்பது என்று ரயில்வே யோசித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை எழும்பூரிலோ மதுரையிலோ பெட்டியைத் தூக்கிவிட்டவரிடம் பேரம் பேசுமுன் அந்தக் கட்டணப் பலகையை ஒரு தடவை பாருங்கள். அதில் போட்டிருப்பதுதான் கூலி, குறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.